முதலில் உணவு, பிறகு பெயர்: ‘ஸ்கெல்லிக்’ நாவலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மலக்குகளைப் பாத்திரங்களாகக் கொண்டு இளைஞர்களுக்கென எழுதப்பட்ட ஆங்கில நாவல்கள் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் ஏராளமாக வெளிவந்துவிட்டன. லோரன் கேட் எழுதிய ‘ஃபாலன்’, பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய ‘ஹஷ், ஹஷ்’ ஆகிய இரண்டும் 2009ஆம் ஆண்டு ஒன்றிலேயே வெளியாகிப் பெருந்தொகையில் விற்பனையாகின. இவற்றில் வருகின்ற வானவர் பெரும்பாலும் அழகிய வாலிபர். பாடசாலை செல்லும் ஒரு பெண் அவர் மீது காதல் கொள்கிறாள். அவருடைய முதுகில் சிறகுகள் இருப்பதைப் பாதிப் புத்தகத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கிறாள். சிறகுகளைக் கழற்றிவிட்டால் அவை சாதாரணக் காதற் கதைகளே. அவற்றைப் பற்றி இங்கு அதிகம் எழுதுவதற்கில்லை.

நான் எழுத விரும்புவது அவற்றுக்குப் பத்து ஆண்டுகள் முந்திய ஒரு சிறிய நாவலைப் பற்றி. டேவிட் அல்மண்ட் எழுதிய ‘ஸ்கெல்லிக்’ 1998இல் வெளியானது. அவ்வாண்டுக்குரிய கார்னகி பதக்கமும், சிறுவர் நூலுக்கான விட்பிரெட் விருதும் அதற்குக் கிடைத்தன. அல்மண்ட் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரில் 1951இல் பிறந்து, அருகிலுள்ள ஃபெல்லிங் என்ற தொழிலாளர் ஊரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். 2010இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதும் பெற்றார்.

இந்நாவலைப் பற்றி எழுத வேண்டிய தேவை எனக்கு வேறொரு வழியாக வந்தது. பாடசாலையொன்றின் நூலகத்துக்கு நூல்களைத் தெரிவு செய்யும் குழுவில் நானும் ஒருவன். பட்டியலில் இந்நூலும் இருந்தது. குழுவிலிருந்த இளம் மௌலவி ஒருவர் இதனை முழுமையாக வாசித்துவிட்டு வந்திருந்தார். வாசிக்காமலே தடை சொல்பவர்கள் மலிந்த காலத்தில் அது பாராட்டத்தக்கது. அவர் என்னிடம் கேட்டார்:

“சேர், இந்தப் புத்தகத்தில வாற மலக்கு சாப்பிடுது, பியர் குடிக்குது, மூட்டு வருத்தத்துக்கு அஸ்பிரின் கேக்குது. இதப் படிக்கிற புள்ளைக்கு மலக்குமாரப் பத்தி என்ன விளக்கம் வரும்?”

கேள்வி நியாயமானது. அதற்கு நான் கூட்டத்திலே சுருக்கமாகச் சொன்ன பதிலின் விரிவே இக்கட்டுரை.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் என்ற சிறுவனின் குடும்பம் பழைய வீடொன்றுக்குக் குடிவருகிறது. அவ்வீட்டில் முன்னர் வாழ்ந்த முதியவர் இறந்துபோயிருந்தார். வீடு சீரழிந்து கிடக்கிறது. மைக்கேலின் தங்கை காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை. அவளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கப்படவில்லை. இதயத்தில் கோளாறு. வீட்டார் எல்லோருடைய கண்ணும் அக்குழந்தையின் மூச்சின் மீதே இருக்கிறது. பின்வளவில் இடிந்து விழும் நிலையிலுள்ள கராஜுக்குள், போகக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருந்தும், மைக்கேல் ஒருநாள் நுழைகிறான். தேயிலைப் பெட்டிகளின் பின்னால், சுவரோடு சாய்ந்தபடி ஒரு மனிதன் இருக்கிறான். மேலெல்லாம் தூசி, சிலந்தி வலை, செத்த இலையான்கள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. பேச்சு கடுகடுப்பு. வாயைத் திறந்தால் நாற்றம். பூச்சிகளைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறான். அவன் கேட்பது அஸ்பிரின். பிறகு சைனீஸ் கடை உணவுப் பட்டியலில் 27ஆம், 53ஆம் இலக்க உணவுகள். அத்துடன் பழுப்பு நிற பியர்.

மைக்கேல் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மூட்டு வருத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று தங்கை இருக்கும் வைத்தியசாலையிலேயே விசாரித்து, மீனெண்ணெயும் கொண்டுபோகிறான். அடுத்த வீட்டிலுள்ள மினா என்ற சிறுமியும் அவனுடன் சேர்கிறாள். அவள் பாடசாலைக்குச் செல்லாமல் தாயிடம் வீட்டிலேயே கற்பவள். வில்லியம் பிளேக்கின் கவிதைகளை மனனமாகச் சொல்பவள். இருவருமாக அம்மனிதனைத் தூக்கிச் சென்று, ஆளில்லாத வேறொரு வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். அழுக்கேறிய மேலங்கியைக் கழற்றும்போதுதான் தோளில் மடிந்து கிடக்கும் சிறகுகள் தெரியவருகின்றன. குழந்தைக்குச் சத்திரசிகிச்சை நடப்பதற்கு முந்திய இரவு, அழுக்கு மனிதன் ஒருவன் வந்து தன் பிள்ளையைத் தூக்கிச் சுழன்றாடியதைத் தாய் காண்கிறாள். அது கனவா நனவா என்பது அவளுக்கே தெரியாது. குழந்தை பிழைக்கிறது. அவன் போய்விடுகிறான்.

அவன் யார்? நாவலின் இறுதிவரை இதற்கு நேரான விடையில்லை. மனிதன், மிருகம், பறவை, வானவர் ஆகிய எல்லாவற்றிலும் ஏதோ கொஞ்சம் தன்னிடம் இருப்பதாக அவனே ஒருமுறை சொல்கிறான். அதற்கு மேல் நூலாசிரியர் எதையும் உறுதிப்படுத்தவில்லை. பாடசாலையில் மைக்கேலுக்குப் படிப்பிக்கப்படுவதோ கூர்ப்புக் கொள்கை. வீட்டில் தாய், தோள்பட்டை எலும்புகள் ஒரு காலத்தில் சிறகுகள் இருந்த இடம் என்று சொல்லப்படுவதைக் கூறுகிறாள். இவ்விரண்டுக்குமிடையே தீர்ப்புச் சொல்ல நூலாசிரியர் மறுக்கிறார்.

இனி மௌலவியின் கேள்விக்கு வருவோம். நமது நம்பிக்கையின்படி மலக்குகள் ஒளியினால் படைக்கப்பட்டவர்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸொன்று முஸ்லிம் கிரந்தத்தில் இதனைக் கூறுகிறது. அவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு எனச் சிறகுகள் உண்டு என்பதை ஸூறா ஃபாதிரின் முதல் வசனம் சொல்கிறது. அவர்கள் உண்பதில்லை. நோயுறுவதில்லை. இட்ட கட்டளைக்கு மாறு செய்வதில்லை. இந்த அளவுகோலால் அளந்தால் ஸ்கெல்லிக் மலக்கு அல்லர் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. சைனீஸ் கடைச் சாப்பாடே போதும்.

இதனை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தினர் வந்த சம்பவத்தில் இதே அளவுகோல்தான் வருகிறது. ஸூறா ஹூதிலும் ஸூறா அத்தாரியாத்திலும் இச்சம்பவம் இடம்பெறுகிறது. வந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள். நபியவர்கள் பதில் சொன்னார்கள். வந்தவர்கள் அறிமுகமற்றவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் உடனே வீட்டாரிடம் சென்று, கொழுத்த கன்றைப் பொரித்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். விருந்தினரின் கைகள் உணவை நோக்கி நீளவில்லை. அப்போதுதான் அவர்கள் உள்ளத்தில் அச்சம் ஏற்பட்டது. அதன் பிறகே வந்தவர்கள் தாம் யார் என்பதைத் தெரிவித்தார்கள்.

இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஸலாம். இரண்டாவது உணவு. மூன்றாவதாகத்தான் அடையாளம். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், யார் அனுப்பியது என்று விசாரித்து, திருப்தி ஏற்பட்ட பின் கன்று அறுக்கப்படவில்லை. கன்று வந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. வந்தவர்கள் மலக்குகளாக இருந்ததால் அந்த விருந்துக்குச் சிறப்பு வரவில்லை. உண்ணவே முடியாதவர்களுக்கு வைக்கப்பட்ட உணவு அது. வைத்தவரின் மனம் எப்படிப்பட்டது என்பதைத்தான் அச்சம்பவம் நமக்குக் காட்டுகிறது.

ஸ்கெல்லிக் நாவலிலும் இதே வரிசை இருக்கிறது. மைக்கேல் கராஜுக்குள்ளிருந்த மனிதனின் பெயரை அறிவதற்கு முன்பே அவனுக்கு உணவும் மருந்தும் கொடுத்துவிடுகிறான். நாட்கள் பல சென்ற பின்னரே ‘ஸ்கெல்லிக்’ என்ற பெயர் வெளிவருகிறது. சோறு வாங்குவதற்கு முன் காட்ட வேண்டிய அட்டையாகப் பெயர் அங்கே இல்லை. கவனித்துக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும் அன்பளிப்பாகவே அது வருகிறது. சிறகுகள் தெரியவருவதும் அப்படித்தான். அழுக்கு மேலங்கியைக் கழற்றி உதவ முன்வந்தவர்களுக்கே அவை தெரிந்தன.

இப்பெயரைப் பற்றி ஒரு தகவல். அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத்தீவு உண்டு. பண்டைய கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த இடம். மைக்கேல் என்ற வானவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அப்பெயரின் ஒரு பாதி கராஜிலிருந்தவனுக்கும் மறுபாதி சிறுவனுக்கும் போயிருக்கிறது. நமக்கு இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. மைக்கேல் என்பவர் நாம் மீக்காயீல் (அலை) என்று சொல்லும் மலக்கு. மழையும் உணவும் அவர்களுடைய பொறுப்பிலுள்ளவை என்பது நமது மரபு. சிறகுள்ளவன் தூசியில் கிடக்கிறான். உணவைச் சுமந்துகொண்டு வருபவனுக்கோ மீக்காயீலின் பெயர். கத்தோலிக்கராக வளர்ந்த அல்மண்ட் இதனை எண்ணி எழுதியிருப்பார் என்று நான் கூறவில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் வாசகன் இந்நூலைப் படிக்கும்போது இந்தப் பொருத்தம் அவனுக்குக் கிடைக்கிறது. நல்ல நூல் எழுதியவன் அறியாததையும் வாசிப்பவனுக்குக் கொடுக்கும்.

இதற்கு எதிர்மாறான கதையையும் பார்க்கலாம். கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968இல் எழுதிய, பெரிய சிறகுகளையுடைய வயோதிபர் ஒருவரைப் பற்றிய சிறுகதை உலகெங்கும் அறியப்பட்டது. ஸ்கெல்லிக்கைப் பற்றி எழுதுவோர் பலர் அக்கதையை நினைவுகூர்வதுண்டு. மழையில் சேற்றுக்குள் விழுந்து கிடக்கும் சிறகுள்ள கிழவரை அவ்வூரார் கோழிக்கூட்டுக்குள் அடைக்கிறார்கள். பாதிரியார் வந்து லத்தீன் மொழியில் பேசிப் பரிசோதிக்கிறார். மேலிடத்துக்குக் கடிதம் போகிறது. அங்கிருந்து அவருக்குத் தொப்புள் உண்டா, அவர் பேசும் மொழிக்கும் அரமேய மொழிக்கும் சம்பந்தமுண்டா என்றெல்லாம் கேள்விகள் வருகின்றன. வீட்டுக்காரர்கள் பார்க்க வருவோரிடம் ஐந்து சதம் வீதம் அறவிட்டு மாடி வீடு கட்டிக்கொள்கிறார்கள். அவர் அசைகிறாரா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டும் பார்க்கிறார்கள். கடைசியில் அவர் பறந்துபோகும்போது வீட்டுக்காரிக்கு நிம்மதியாக இருக்கிறது.

அந்த ஊரில் அவர் யார் என்ற கேள்வி கேட்காதவர் இல்லை. அவருக்குப் பசிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டவர் ஒருவருமில்லை. அவர் மலக்கு என்று நிரூபணமாகியிருந்தால் அவ்வூரார் மண்டியிட்டிருப்பார்கள் என்பது நிச்சயம். ஆனால் அது இரக்கமாகியிருக்குமா? உயர்ந்தவரின் காலில் விழுவதற்கு இரக்கம் தேவையில்லை. கணக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இங்குதான் எனக்கு உண்மையான கேள்வி எழுகிறது. வாசலில் வந்து நிற்பவர் மலக்காக இருக்கலாம் என்பதற்காக அவருக்குக் கொடுப்பது தர்மமா?

இது நமக்குப் புதிய கேள்வியன்று. ஹிள்று (அலை) அவர்கள் மிஸ்கீன் வேடத்தில் வருவார்கள் என்ற நம்பிக்கை முஸ்லிம் நாட்டார் வழக்கில் பரந்துபட்டது. றபான் தட்டிப் பாடிக்கொண்டு வாசலுக்கு வந்த பக்கீர் பாவாமாரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எங்கள் உம்மாமார் சொன்னதற்குள் அந்த எண்ணமும் இருந்திருக்கும். ‘ஆரு எவரெண்டு நமக்குத் தெரியுமா?’ என்பார்கள். கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டிலும் அந்நியரை உபசரித்தோரில் சிலர் தம்மையறியாமல் வானவரை உபசரித்திருக்கிறார்கள் என்ற கருத்து உண்டு. இந்த நம்பிக்கை எத்தனையோ பசித்த வயிறுகளை நிரப்பியிருக்கிறது. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதன் உள்ளே ஓர் ஓட்டை இருக்கிறது. வந்தவர் நிச்சயமாக மலக்கு அல்லர், ஹிள்று அல்லர், வெறும் குடிகாரர் என்று தெரிந்துவிட்டால் கை பின்வாங்கலாம் என்பதுதான் அந்த ஓட்டை. அப்படிப் பின்வாங்கும் கை முதலில் நீண்டதும் எதிரே நின்ற மனிதருக்காக அன்று. அவருக்குள் ஒளிந்திருக்கக்கூடிய இன்னொருவருக்காகத்தான்.

நமது மரபிலேயே இதற்கு விடை இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்ற, பனூ இஸ்ரவேலர் மூவரைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் நம்மில் குறைவு. ஒருவர் வெண்குஷ்டரோகி, ஒருவர் தலை வழுக்கை, ஒருவர் குருடர். அவர்களைச் சோதிப்பதற்காக ஒரு மலக்கு அனுப்பப்படுகிறார். அவர் தடவ, குறைகள் நீங்குகின்றன. ஒட்டகம், மாடு, ஆடு என ஆளுக்கொரு செல்வமும் கிடைத்துப் பல்கிப் பெருகுகிறது. காலம் சென்றபின் அதே மலக்கு மீண்டும் வருகிறார், வழிச்செலவற்ற ஏழையாக. முதலிருவரும் மறுத்துவிடுகிறார்கள். இது பரம்பரைச் சொத்து என்கிறார்கள். குருடராயிருந்தவர் மட்டும், தேவையானதை எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறார்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் நன்றி மறவாமை பற்றிய பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறோம். அது சரிதான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது வேறொரு நுட்பத்தை. இரண்டாவது முறை அந்த மலக்கு எந்தத் தோற்றத்தில் வந்தார்? குஷ்டரோகியிடம் குஷ்டரோகியாக. வழுக்கையரிடம் வழுக்கையராக. குருடரிடம் குருடராக. அவரவருடைய பழைய உருவத்திலேயே வந்து நின்றார். ஆகவே பரீட்சையில் கேட்கப்பட்டது ‘இவர் மலக்கு என்று உனக்குத் தெரிகிறதா?’ என்பதன்று. ‘இவர் நீதான் என்று தெரிகிறதா?’ என்பதே. தேறியவரும் வந்தவருடைய இரகசியத்தைக் கண்டுபிடித்ததால் தேறவில்லை. தானும் ஒருநாள் பார்வையற்றிருந்ததை அவர் மறக்கவில்லை. அந்த நினைவிலிருந்துதான் கொடுத்தார்.

மைக்கேலுக்கும் நடப்பது இதுவே. அவன் பெரிய தர்மவானாகச் சித்திரிக்கப்படவில்லை. பயப்படுகிறான், அருவருக்கிறான், ஓடிவிட நினைக்கிறான். ஆனால் அவனுடைய வீட்டில் ஓர் உயிர் மூச்சுக்குத் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. தன்னால் எதுவும் செய்ய முடியாத தங்கையை நினைத்து நினைத்துக் களைத்துப்போன அவன், தன்னால் ஏதோ செய்யக்கூடிய இன்னொரு பலவீனனைக் காண்கிறான். கராஜிலும் வைத்தியசாலையிலும் அவன் காண்பது ஒரே இயலாமையைத்தான். அல்மண்டின் சிறுபராயத்தில் அவருடைய குழந்தைத் தங்கையொருத்தி இறந்துபோனாள் என்பதை அறிந்தபின் நாவலை மீண்டும் படித்தேன். அந்த வீட்டின் கவலை கற்பனையாக எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை.

நாவலில் எனக்குக் குறையாகத் தோன்றுவதையும் சொல்ல வேண்டும். குழந்தை பிழைத்துவிடுகிறது. மைக்கேல் ஸ்கெல்லிக்கிடம் தன் தங்கையை நினைத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறான். ஸ்கெல்லிக்கும் வைத்தியசாலைக்கு வந்து போயிருக்கிறான். ஆகவே ஒரு சிறுவாசகன் இதனைக் கொடுக்கல் வாங்கலாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது: நீ அஸ்பிரின் கொடு, நான் உயிரைக் கொடுக்கிறேன். குழந்தை இறந்திருந்தால் அந்த மீனெண்ணெயும் உணவும் வீணாகியிருக்குமா? ஆகியிருக்காது என்பதுதான் எனது எண்ணம். ஸூறா அல்இன்ஸானில் மிஸ்கீனுக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போர் அவர்களிடமிருந்து கூலியையோ நன்றியையோகூட எதிர்பார்ப்பதில்லை என்று வருகிறது. ஸ்கெல்லிக் விடைபெறும்போது தரையில் இதயமொன்றைக் கீறி, நன்றி எழுதி, வெள்ளை இறகுகளை வைத்துவிட்டுப் போகிறான். அழகான காட்சி. ஆனால் வாழ்க்கையில் நாம் கொடுத்தவர்கள் எவரும் இறகு வைத்துவிட்டுப் போவதில்லை. சிலர் நன்றிகூடச் சொல்வதில்லை. சிலர் அடுத்த தெருவில் நம்மை ஏசுவார்கள். இறகு இல்லாத இடத்திலும் கை நீளுமா என்பதுதான் கடினமான கேள்வி. அதனை நாவல் கேட்காமல் விட்டுவிடுகிறது.

கேட்பாரற்ற கொடைக்கு எல்லையே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று, பெற்றோருடையது. அறிமுகமில்லாத ஆண் ஒருவன் மறைந்திருக்கும் இடத்துக்கு ஒரு பிள்ளை யாருக்கும் சொல்லாமல் போய்வருவதை எந்த வாப்பாவும் உம்மாவும் விரும்ப மாட்டார்கள். நானும் விரும்பேன். நமது காலத்தில் இது பற்றிப் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்வது கடமை. நாவலைக் கொடுக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்தே பேச வேண்டும். இரக்கம் கொள்வது வேறு, தனியே போவது வேறு. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் உணவு கொடுத்தாலும் இரக்கம் குறைந்துவிடாது. மைக்கேல்கூட மினாவை அழைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கெல்லிக்கைத் தூக்க முடிந்தது.

மற்றையது, நிர்வாகிகளுடையது. ஸகாத்தைப் பங்கிடுவோர் யார் தகுதியானவர் என்று விசாரித்தேயாக வேண்டும். எண்வகையினர் யார் யார் என்பதை ஸூறா அத்தவ்பா வரையறுத்திருக்கிறது. உண்மைதான். ஸகாத் என்பது உரியவருக்குரிய உரிமை. உரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதில் அடங்கும். ஆனால் ஸதகாவின் கதை வேறு. ஒருவர் இரவில் தர்மம் கொடுக்கிறார். அது திருடனின் கையில் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் விபசாரியின் கையில். அதற்கு மறுநாள் பணக்காரனின் கையில். ஊர் கேலி பேசுகிறது. அவரோ ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வைப் புகழ்கிறார். அவருடைய தர்மம் வீணாகவில்லை என்றும், அதனால் திருடன் திருட்டை விடக்கூடும், அப்பெண் தன் வழியை விடக்கூடும், பணக்காரன் படிப்பினை பெறக்கூடும் என்றும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. இதுவும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ள ஹதீஸ்தான். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் நாம் அறிவோம். நாயிடம் விசாரிக்க என்ன இருக்கிறது? நாக்கைத் தொங்கவிட்டு நின்றதே அதன் விண்ணப்பம்.

யார் என்று முதலில் கேட்பது என்ன செய்யும் என்பதை இந்நாட்டவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் யுத்தம் முடியும்வரை, பெயரைச் சொன்னதும் எதிரே நின்றவரின் முகம் மாறுவதை மூவினத்தவரும் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்த அன்று கரையிலிருந்து ஓடியவர்களுக்குக் கதவு திறந்தவர்களையும் கண்டிருக்கிறோம். அன்று நனைந்த உடலும் நடுங்கும் பிள்ளையும்தான் கண்ணில் பட்டன. பெயர் பிறகுதான் வந்தது. எத்தனை நாட்களுக்கு அது நீடித்தது என்பது வேறு கதை. ஆனால் அந்த வரிசை நமக்கும் முடியும் என்பதற்கு அந்த நாட்கள் சாட்சி.

ஆதம் (அலை) அவர்களுக்கு மலக்குகள் சிரம்பணிந்ததைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை. பூமியில் குழப்பம் செய்து இரத்தம் சிந்தக்கூடிய ஒரு படைப்பா என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய பயம் பொய்யாகவுமில்லை. ஆயினும் ஆதமுக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்டன. மலக்குகள் பணிந்தார்கள். மனிதனின் சிறப்பு அறிவிலே என்று நமது அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொல்வர். அத்துடன் இதனையும் சேர்த்து யோசிக்கலாம். மலக்கு நன்மை செய்வது, வேறெதையும் செய்ய இயலாத இயல்பினால். மைக்கேல் கராஜின் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். தங்கை நோயாளி, வீடு அலங்கோலம், அவனை ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். சாத்திவிடக்கூடியவன் சாத்தாமல் உள்ளே போனான். காதல் நாவல்களில் வரும் வானவர்கள் மனிதராக மாறத் துடிக்கிறார்கள், ஒரு முத்தத்துக்காக. மனிதராக இருப்பதில் பொறாமைப்படத்தக்க ஏதேனும் உண்டென்றால் அது இந்தக் கதவருகேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மௌலவியிடம் நான் சொன்னது இதுதான். இந்நூலில் மலக்குகள் பற்றிய பாடம் இல்லை. அதனைத் தேடுகின்ற பிள்ளைக்கு நம்மிடம் அல்குர்ஆன் இருக்கிறது, உஸ்தாத்மார் இருக்கிறார்கள். இந்நூலில் இருப்பது, தன் முன்னால் கிடந்த ஒரு பலவீனனோடு ஒரு பிள்ளை எப்படி நடந்துகொண்டது என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. ஸூறா ஹூதின் அந்த வசனங்களை வகுப்பில் விளக்கிவிட்டு, ‘இப்ராஹீம் நபியின் விருந்தினர் ஏன் உண்ணவில்லை, ஸ்கெல்லிக் ஏன் உண்கிறான்?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். மலக்குகளின் இயல்பு பற்றி அதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை அறிந்துகொள்ள முடியாது.

அவர் சிறிது நேரம் யோசித்தார். “அப்ப அந்தப் பாடத்த நானே எடுக்கிறன் சேர்” என்றார்.

புத்தகம் பட்டியலில் இருக்கிறது. நூலகத்துக்கு வந்து சேர்ந்ததும் அதனை முதலில் இரவல் எடுக்கும் பிள்ளை யாரோ தெரியாது. அப்பிள்ளை வீடு திரும்பும் வழியில் பஸ் தரிப்பிடத்திலோ பள்ளிவாசல் படியிலோ யாரேனும் ஒருவர் கிடக்கக்கூடும். அவருக்கு நிச்சயமாகச் சிறகுகள் இல்லை. அவரைக் கண்டு அப்பிள்ளை தன் வாப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினால், நாம் அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போகாமல் நிற்போமா என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கும் கவலை.